கட்டம் போட்டுக் கவிதை: குழந்தைகளோடு தொடங்குபவர்களுக்கு

எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து "கவிதை எழுது" என்று சொல்லிப் பாருங்கள். நிலாவை மாமா என்று கூப்பிடும், மலரைச் சிரிக்கச் சொல்லும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் மரம் வளர்க்கச் சொல்லும், பிளாஸ்டிக்கை ஒழிக்கச் சொல்லும், கடைசி வரியில் ஒரு ஆச்சரியக்குறி போடும். அந்தப் பிள்ளையின் தெரு, பாட்டி, நேற்று விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டது எதுவும் தாளில் இருக்காது. பிள்ளையைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆண்டுவிழா மேடையில் கவிதை என்ற பெயரில் அது கேட்டது அந்தக் குரலைத்தான்.

அதே பிள்ளையிடம் "உங்க வீட்டு வாசலை வரை" என்றால் நிலைமை வேறு. செருப்பு எத்தனை ஜோடி கிடக்கும், நாய் எந்தப் பக்கம் படுத்திருக்கும், தண்ணீர்க் குடம் உள்ளேயா வெளியேயா என்றெல்லாம் யோசித்த பிறகுதான் பென்சில் நகரும். இந்த யோசனைதான் நமக்கு வேண்டும். படக்கதையைக் கவிதை வகுப்புக்குள் கொண்டுவருவது இதற்காகத்தான், பிள்ளைகளுக்குப் படக்கதை பிடிக்கும் என்பதற்காக மட்டும் அல்ல.

எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் சில வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். நான் ஓவியரும் இல்லை, தமிழாசிரியரும் இல்லை. நீங்களும் அப்படி இருந்தால் கவலை வேண்டாம். உங்களுக்கு நன்றாக வரையத் தெரிந்தால்தான் சிக்கல். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் சாமான்கள்

ஏ4 தாள், பென்சில், அழிப்பான். அழிப்பான் குறைவாக இருப்பது நல்லது. பத்துப் பேருக்கு இரண்டு போதும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரமும் அழிப்பதிலேயே போய்விடும். கொஞ்சம் கலர் பென்சில், கத்தரிக்கோல், பசை, பழைய செய்தித்தாள்கள். அப்புறம் சில படக்கதைப் பக்கங்கள். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர் யாராவது உங்கள் தெருவில் இருப்பார், அவர் வீட்டுப் பரணில் நிச்சயம் ஒரு கட்டு இருக்கும். கெஞ்சி வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள். அந்த ஆட்கள் ஒரு பக்கம் மடங்கினாலும் மன்னிக்க மாட்டார்கள். இப்படி எடுத்த பிரதி வகுப்புக்குள் பயிற்சிக்கு மட்டும்தான். பின்னால் பிள்ளைகளின் கவிதைகளைச் சேர்த்து வெளியிடும்போது அவர்களே வரைந்த படங்களை மட்டும் வையுங்கள்.

வயது எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கலந்திருக்கலாம். பன்னிரண்டு பேர் வரை ஒருவரால் சமாளிக்க முடியும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து பார்க்க முடியாது, குனிந்து பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. நேரம் ஒன்றரை மணி. முதல் இரண்டு வாரம் கவிதை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் நிலா வந்துவிடும்.

முதல் வாரம்: வெற்றுக் குமிழ்

ஜெராக்ஸ் எடுத்த பக்கத்தில் பேச்சுக் குமிழ்களுக்குள் இருக்கும் எழுத்தை எல்லாம் மறையுங்கள். ஒயிட்னர் தடவினால் அதன்மேல் பென்சில் ஓடாது. வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி, மறுபடி ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிட்டால் வேலை சுத்தம். ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்து, குமிழை நிரப்பச் சொல்லுங்கள். கதை என்னவாகவும் இருக்கலாம்.

முதல் சுற்றில் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓடுகிறவன் "நான் ஓடுகிறேன்" என்பான். கத்தியை ஓங்கியவன் "உன்னைக் குத்தப்போகிறேன்" என்பான். மழையில் நனைகிறவள் "மழை பெய்கிறதே" என்பாள். சிரிக்காமல் எல்லாவற்றையும் சத்தமாகப் படியுங்கள். அப்புறம் ஒரே ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: படத்தில் இருப்பதை எழுதாதே.

இந்த ஒரு விதிதான் என் மொத்தப் பாடத்திட்டமும். மற்றதெல்லாம் அதன் கிளைகள். "ஓடுறதுதான் தெரியுதே, வேற என்ன சொல்லுவான்?" என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு நிமிடம் விழிப்பார்கள். பிறகு ஒருவன் மெதுவாக, "சாவிய மறந்துட்டேனே" என்பான். போதும். ஓடுகிறவனுக்கு இப்போது ஒரு வீடு இருக்கிறது, பூட்டிய கதவு இருக்கிறது, திட்டுவதற்கு ஒரு அம்மா இருக்கிறார். எதையும் அவன் சொல்லவில்லை, நமக்குத் தெரிகிறது.

குமிழ் வகைகளையும் அன்றைக்கே காட்டிவிடலாம், ஐந்து நிமிட வேலை. வழவழப்பான கோடு என்றால் பேச்சு. மேகம்போல் இருந்தால் மனசுக்குள் நினைப்பது. முள்ளுமுள்ளாக இருந்தால் கத்தல். புள்ளிக்கோடு என்றால் கிசுகிசு. கட்டத்தின் மேல்மூலையில் இருக்கும் நீளப்பெட்டி, கதை சொல்கிறவருடையது. கவிதையில் "யார் பேசுகிறார்?" என்ற கேள்வியைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் பட்ட பாட்டை இந்த ஐந்து வடிவங்கள் மிச்சப்படுத்திவிட்டன. இப்போதெல்லாம் ஒரு வரி தட்டுத் தடுமாறி நின்றால், "இது எந்தக் குமிழ்?" என்று மட்டும் கேட்கிறேன்.

பேசுகிற தமிழா, எழுதுகிற தமிழா?

இந்தக் கேள்வி முதல் நாளே வரும். "அக்கா, வந்துட்டான்னு எழுதலாமா, வந்துவிட்டான்னு எழுதணுமா?"

என் பதில்: குமிழுக்குள் பேசுகிறபடி, பெட்டிக்குள் எழுதுகிறபடி. வேறெந்த இலக்கணமும் வேண்டாம். பள்ளியில் பேச்சுத் தமிழ் எழுதி வட்டம் போட்டு அடி வாங்கிய பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. தன் வீட்டில் பேசுகிற சொல்லுக்கு ஒரு குமிழ் வரைந்து மரியாதை கொடுக்கலாம் என்று அதற்குத் தெரிகிறது. அதே சமயம் பெட்டியில் எழுதும்போது எழுத்துத் தமிழ் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, யாரும் அதட்டத் தேவையில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும்போது, எது எங்கே பொருந்தும் என்று காதே சொல்லிவிடும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு, தமிழுக்கே உரியது. நம் சொற்கள் நீளம். "போய்க்கொண்டிருந்திருப்பானாம்" என்று ஒரு சொல் எழுதினால் குமிழே நிறைந்துவிடும். பிள்ளைகள் முதலில் அழகாக வட்டம் போட்டுவிட்டு, உள்ளே எழுத்தைத் திணித்து, கடைசி இரண்டு எழுத்தைச் சுவரில் தொங்கவிடுவார்கள். எனவே எழுத்து முதலில், குமிழ் பிறகு. சொல்லை எழுதிவிட்டு அதைச் சுற்றிக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். இடம் போதாதபோது வேறு வழியில்லாமல் சொல்லைச் சுருக்குவார்கள், "போனானாம்" என்று முடிப்பார்கள். சுருக்கிய பிறகு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். வரியை எங்கே முறிப்பது என்ற பாடமும் இங்கேயே முடிந்துவிடுகிறது: மூச்சு நிற்கிற இடத்தில் அடுத்த வரி.

இரண்டாம் வாரம்: பார்ப்பது

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தின் படம் ஒன்றை வாய்ப்பிருந்தால் ஏ3 அளவில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். 7ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் செதுக்கிய, ஏறக்குறைய 30 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாறையை அர்ஜுனன் தபசு என்கிறார்கள். இல்லை, அது பகீரதன் தவம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இன்றுவரை சண்டை தீரவில்லை. கீழே யாரும் தலைப்பு எழுதி வைக்கவில்லை, அதுதான் காரணம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பெரியவர்களே படம் பார்த்துச் சண்டை போடுகிறார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குத் தைரியம் வரும்.

மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது, பார்க்க மட்டும். பிறகு ஆளுக்கு ஒன்றாகக் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. முதல் சுற்றில் யானை போய்விடும். இரண்டாம் சுற்றில் குட்டி யானை, பாம்பு உடல்கொண்டவர்கள், ஒற்றைக் காலில் நிற்கும் எலும்புக்கூடு மாதிரியான முனிவர். மூன்றாம் சுற்றில் யாராவது ஒரு பிள்ளை, பெரிய யானையின் பக்கத்தில் இருக்கும் பூனையைக் கண்டுபிடித்துக் கத்தும். பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, மேலே இருக்கும் முனிவரைப்போலவே தவம் செய்கிறது அந்தப் பூனை. அதன் காலடியில் எலிகள்.

இந்த இடத்தில் நிறுத்தி, எலிக்கு ஒரு குமிழ் போடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது இது. மேகக் குமிழ், அதாவது எலி மனசுக்குள் நினைப்பது:

பூனை சாமியார்
கண்ண மூடிட்டாரு.
மீசை மட்டும்
எங்க பக்கம்.

எழுதிவிட்டு அவள் என்னிடம் கேட்டது, "அக்கா, இதுல மீசை தெரியலையே, எழுதலாமா?" எழுதலாம். படத்தில் இல்லாததைத்தானே எழுதச் சொன்னோம்?

மாமல்லபுரம்தான் வேண்டும் என்றில்லை. புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சித்தன்னவாசல் தாமரைக்குளம் இருக்கிறது. மீன், யானை, பறவைகள், பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாரும் ஒரே குளத்துக்குள். அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் படத்தையும் பயன்படுத்தியிருக்கிறேன். கையில் வாள், தோளில் பிணம், பின்னால் சுடுகாடு. எல்லாரும் ராஜாவுக்கோ வேதாளத்துக்கோ குமிழ் போடுவார்கள். "அந்தப் பிணத்துக்கு ஒண்ணு போடேன்" என்று சொன்னால் அறை அமைதியாகிவிடும். உங்கள் ஊர்க் கோயில் தூண், பேருந்து நிலையச் சுவரில் பாதி கிழிந்த சினிமா போஸ்டர், எதுவானாலும் சரி. ஒரு நிபந்தனை: படத்தில் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அவர்களுக்குள் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். பூச்சாடிப் படத்தைக் கொண்டுபோனால் மலர் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிடும்.

சத்தம் எழுதுவது

இது சின்னப் பயிற்சி, சலிப்புத் தட்டும்போது இடையில் செருகலாம். படக்கதையில் சத்தத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், "டுமீல்", "படார்" என்று. தமிழில் இதற்கு ஒரு சுரங்கமே இருக்கிறது: சலசல, தடதட, மடமட, சரசர, கலகல. பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவி என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். அதையே "உங்க வீட்டுச் சமையல்கட்டுல மட்டும் கேக்கற சத்தம் மூணு எழுது" என்று மாற்றிப் போட்டால் புதுச் சொற்களே பிறக்கும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் "சுர்ர்". குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு "ஸ்ஸ்ஸ்". ஒரு பையன் தன் தாத்தா தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் கேட்கும் "கொடக்... கொடக்" என்பதை எழுதி, எழுத்துகளை மேலும் கீழும் ஏற்றி இறக்கி வரைந்திருந்தான். தொண்டை மணி ஏறி இறங்குவது அப்படியே தெரிந்தது. சத்தத்தை உருவமாக வரைய வைத்தால் ஓசை என்பது கவிதையில் ஒரு பொருள் என்று தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை.

மூன்றாம் வாரம்: மூன்று கட்டம்

இப்போதுதான் சொந்தப் படம். தாளை நீளவாக்கில் வைத்து மூன்று கட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கட்டங்களுக்கு நடுவில் ஒரு விரல் அகலம் இடம் விட வேண்டும். அந்த இடைவெளி அலங்காரத்துக்கு அல்ல. ஒரு கட்டத்தில் அம்மா வடையைத் தட்டில் வைக்கிறாள், அடுத்த கட்டத்தில் தட்டு காலி, காக்கா ஜன்னலில். காக்கா வடையைத் தூக்கியதை யார் வரைந்தது? யாரும் இல்லை. பார்க்கிறவர் மனசு வரைந்துகொண்டது. சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ளும் இந்த வித்தை நமக்குப் புதிதும் இல்லை. சங்கப் பாட்டில் மீனையும் கொக்கையும் காட்டிவிட்டுத் தலைவனைப் பற்றிப் பேசாமல் பேசுவதற்கு உள்ளுறை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. காக்கா போதும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வருடம், எப்படி என்று காட்டலாமே என்று கரும்பலகையில் நானே மூன்று கட்டம் வரைந்தேன். கொஞ்சம் நன்றாகவே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பதினோரு தாளிலும் என் படம். இன்னொரு வாரம் எதுவும் காட்டாமல் "பிடிச்சத வரைங்க" என்று விட்டேன். அப்போது வந்தது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு யாரோ ரகசியமாகக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கும் அந்தப் படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஆற்றங்கரையில் குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் தலைகீழ் "ட" மாதிரி காக்காய்கள். எங்கள் ஊரில் மலையே கிடையாது.

பழகியபின் கண்டுபிடித்த வழி, கேள்வியைக் குறுக்குவது. "பிடித்ததை வரை" என்று சொல்லாமல் "இந்த வாரம் யாராவது எங்கேயாவது கிளம்பிப் போனதை வரை" என்று சொல்லுங்கள். "ஏதோ ஒன்று தொலைந்ததை வரை", "நீ பொய் சொன்ன இடத்தை வரை" என்றும் கேட்கலாம். பொய் எப்போதும் நன்றாக வரும்.

இனி ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆறாம் வகுப்புப் பையன், "கிளம்பிப் போனது" என்ற தலைப்புக்கு வரைந்தது. முதல் கட்டத்தில் பேருந்து நிலையம், பையோடு அப்பா. இரண்டாவதில் பேருந்தின் பின்பக்கம், புகை. மூன்றாவதில் கையைத் தூக்கியபடி ஒரு பையன். கீழே எழுதியிருந்தான்:

அப்பா வெளியூர் செல்கிறார்.
பேருந்து புறப்பட்டது.
சோகத்துடன் கை அசைத்தேன்.

விதியை நினைவுபடுத்தி, படத்தில் தெரிவதை எல்லாம் அவனையே அடிக்கச் சொன்னேன். அப்பா போவது தெரிகிறது, பேருந்து புறப்பட்டது தெரிகிறது, கை அசைப்பதும் தெரிகிறது. எல்லாம் போய் "சோகத்துடன்" என்ற ஒற்றைச் சொல் மிஞ்சியது. அதையும் தூக்க வேண்டும், ஆனால் அதை நான் சொல்லக்கூடாது. "படத்துல காட்ட முடியாம போனது ஏதாச்சும் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். டீசல் நாற்றம் என்றான். அப்பா கொடுத்த பத்து ரூபாய் கையில் ஈரமாக இருந்தது என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா அந்தப் பக்க சீட்ல உக்காந்துட்டாரு. எனக்குத் தெரியவே இல்ல" என்றான்.

"சரி, அதை அப்படியே எழுது" என்றேன். அவன் எழுதியது:

அப்பா உட்கார்ந்தது
அந்தப் பக்க ஜன்னல்.
பஸ்ஸுக்குத்தான் கை காட்டினேன்.

சோகம் என்ற சொல் காணாமல் போனதை அவன் கவனிக்கவே இல்லை. கவனித்தது வேறு: "அப்ப ரெண்டாவது படத்த மாத்தணும்க்கா." பேருந்தின் பின்பக்கத்தை விட்டுவிட்டு, ஜன்னல் வரிசையை வரைந்தான். ஆறு ஜன்னல், ஆறிலும் அவனுக்குத் தெரியாத முகங்கள். வரி படத்தைத் திருத்துகிறது, படம் வரியைத் திருத்துகிறது. ஒரு பிள்ளை கேட்காமலே இதைச் செய்துவிட்டால் அதற்கு நீங்கள் இனிமேல் பெரிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை, தாள் மட்டும் கொடுத்தால் போதும்.

நம் கேள்விகள் இப்படித்தான் இருக்க வேண்டும். "நல்லா இருக்கு" என்றால் பிள்ளை நிறுத்திவிடும். "இன்னும் நல்லா எழுது" என்றால் உவமையைத் தேடிப் போய்விடும். என்ன வாசனை, கையில் என்ன இருந்தது, யார் பேசவில்லை, அதற்கு முந்தின நிமிடம் என்ன நடந்தது? இந்த நான்கை மாற்றி மாற்றிக் கேட்டே என் வருடங்கள் ஓடிவிட்டன.

படத்தை மூடுவது

நான்காம் வாரம் தாளின் மேல்பாதியை மடித்துப் படத்தை மறைத்துவிட்டு, வரிகளை மட்டும் இன்னொருவர் படிக்க வேண்டும். சில கவிதைகள் தனியாக நிற்கும், பேருந்துக் கவிதைபோல. சில நிற்காது, படம் இல்லாமல் புரியாது. நிற்காதவை தோல்வி என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள், அப்படி விட்டுவிடாதீர்கள். படத்தோடு சேர்ந்துதான் கவிதை என்றால் அப்படியே இருக்கட்டும். தனியாக நிற்க வைக்க ஆசைப்படுகிற பிள்ளை மட்டும் ஒரே ஒரு சொல்லைப் படத்திலிருந்து கடன் வாங்கி வரிக்குள் சேர்க்கலாம். ஒரு சொல்லுக்கு மேல் அனுமதி இல்லை.

எழுத்தே படமாகும் விளையாட்டு

தமிழில் சித்திரக்கவி என்று ஒரு பழைய மரபு இருக்கிறது. தேர் வடிவத்தில் சொற்களை அடுக்கினால் ரதபந்தம். இரண்டு பாம்புகள் பின்னிக்கிடப்பதுபோல் எழுதினால் நாகபந்தம், பாம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொதுவாக வர வேண்டும். திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கையைத் தேர் வடிவத்தில் எழுதும் வழக்கம் உண்டு. கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் அப்படிப் பொறித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். புலவர்களே திணறிய வடிவங்கள் இவை, பிள்ளைகளிடம் முழுசாகக் கேட்க முடியாது. ஆனால் கடக்கும் இடத்தில் ஒரு எழுத்து பொது என்ற விதி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அருமையான விளையாட்டு கிடைக்கிறது.

இரண்டு வளைகோடுகளை ஒரே ஒரு இடத்தில் குறுக்கே வெட்டும்படி வரையச் சொல்லுங்கள். ஒரு கோட்டில் பாம்பு பேசுகிறது, இன்னொரு கோட்டில் தவளை பேசுகிறது. வெட்டும் இடத்தில் ஒரே எழுத்து. "பசி" என்பதில் வரும் ப, "பயம்" என்பதிலும் வரும் என்று கண்டுபிடித்து இரண்டு வரிக்கும் நடுவில் அந்த ஒற்றைப் ப-வைச் சிவப்பில் எழுதியிருந்தாள் ஒரு சின்னப் பெண். எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை, பொறாமையில்.

இருபுறமும் ஒரேமாதிரி படிக்கும் மாலைமாற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். "விகடகவி", "தேரு வருதே", "மாடு ஓடுமா" என்று தொடங்கி வைத்தால் அடுத்த வாரம் வீட்டிலிருந்து இன்னும் கொண்டுவருவார்கள். கவிதையாக ஆகாது, ஆனாலும் எழுத்தை எழுத்தாகப் பார்க்கும் பழக்கம் வரும்.

எதுகை மோனை பற்றிக் கேட்பார்கள், பெற்றோர்தான் அதிகம் கேட்பார்கள். நான் அதைக் கலர் பென்சிலால் கற்றுத்தருகிறேன். எழுதி முடித்த வரிகளில் முதல் எழுத்து ஒத்துவந்தால் பச்சை வட்டம், இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் நீல வட்டம். தற்செயலாக விழுந்த வட்டங்களைப் பார்த்து அவர்களே மகிழ்ந்துபோவார்கள். எதுகைக்காகச் சொல்லைத் தேடுவதை மட்டும் தடுங்கள். "பள்ளி" என்று ஒருவன் முதல் வரியில் எழுதினால், இரண்டாம் வரியில் துள்ளி, மூன்றாம் வரியில் அள்ளி வரும். அவன் பள்ளியில் நடந்தது எதுவும் வராது.

வரையத் தெரியாது, எழுத வராது

"எனக்கு வரைய வராதுக்கா" என்கிற பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு, பத்து வயதுக்கு மேல்தான் இது தொடங்கும். குச்சி மனிதர்கள் போதும் என்று சொல்லுங்கள். அதுவும் கூச்சம் என்றால் செய்தித்தாளில் படம் வெட்டி ஒட்டட்டும், கைபேசியில் மூன்று புகைப்படம் எடுக்கட்டும், அல்லது மூன்று கட்டத்தையும் கறுப்பாக நிரப்பி "கரண்ட் போச்சு" என்று எழுதட்டும். ஒருவன் உண்மையாகவே அப்படிச் செய்தான். மூன்று கறுப்புக் கட்டம், மூன்று குமிழ். மூன்றாவது குமிழில் "தாத்தா, நீ இருக்கியா?" என்று இருந்தது. அந்த வருடத்தின் சிறந்த பக்கம் அதுதான் என்பது என் கட்சி.

எழுத்துக்கூட்டி எழுதச் சிரமப்படும் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுங்கள், ஒரு சொல்லையும் மாற்றாமல். பிறகு அதே சொற்களை அந்தப் பிள்ளை குமிழுக்குள் பார்த்து எழுதட்டும். ர, ற பிழைகளைக் கடைசிப் பிரதிவரை தொடாதீர்கள். சிவப்புப் பேனாவை வகுப்புக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள்.

போட்டியும் வேண்டாம். ஒருமுறை நல்லெண்ணத்தில் ஒருவர் பரிசு அறிவித்தார். அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் அப்பா எழுதிக்கொடுத்த கவிதையோடு வந்தார்கள். எல்லாவற்றிலும் தாய்மொழி வாழ்ந்தது.

கடைசியில் ஒரு குட்டிப் புத்தகம்

ஆறு வாரம் ஆனதும் ஆளுக்கு ஒரு புத்தகம் செய்யலாம். ஒரே ஏ4 தாள், ஒரே வெட்டு, எட்டுப் பக்கம். பின் அடிக்கவோ தைக்கவோ வேண்டாம்.

தாளைப் படுக்கவாட்டில் வைத்து மேலிருந்து கீழாகப் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு இடமிருந்து வலமாகப் பாதியாக மடித்து, மறுபடி ஒருமுறை பாதியாக மடித்து, முழுவதும் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது இடவலமாக ஒரு மடிப்பு மட்டும் மடித்து, மடிந்த விளிம்பின் நடுவிலிருந்து, படுக்கைக்கோட்டின் மேலேயே, முதல் குறுக்குக்கோடு வரை வெட்டுங்கள். அதற்கு மேல் வெட்டாதீர்கள், கடைசிவரை போய்விட்டால் தாள் இரண்டாகிவிடும். பிரித்தால் நடுவில் ஒரு கீறல் இருக்கும். மறுபடி மேலிருந்து கீழாக மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறந்து, கூட்டல் குறிபோல் நிற்கும். எல்லாப் பக்கத்தையும் ஒரே பக்கமாகச் சாய்த்தால் புத்தகம்.

தாளை விரித்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்காதீர்கள், பாதிப் பக்கங்கள் தலைகீழாகிவிடும். முதலில் மடித்துப் புத்தகமாக்கி, அட்டையில் தலைப்பும் பெயரும் எழுதி, உள்ளே ஆறு பக்கத்தில், பக்கத்துக்கு ஒரு கட்டமாக, மூன்று கட்டக் கவிதை இரண்டு, பின்னட்டையில் ஒரு படம். கறுப்பு மையில் எழுதியிருந்தால் பிரித்து ஒரே ஒரு ஜெராக்ஸ் எடுத்தால் முழுப் புத்தகமும் வந்துவிடும். பிறகு எத்தனை வேண்டுமானாலும் மடித்துக்கொள்ளலாம். பென்சிலில் எழுதியது ஜெராக்ஸில் மங்கிவிடும். ஓரத்தில் அரை அங்குலம் விடாவிட்டால் கடைசி எழுத்து காணாமல் போகும். இரண்டையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆளுக்குப் பன்னிரண்டு பிரதி எடுத்து, எல்லாரும் எல்லாரோடும் மாற்றிக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை நூலகரிடம் கொடுத்தோம். வரிசை எண் போடாமல் புத்தகத்தை அடுக்க முடியாது என்று அவர் முதலில் மறுத்தார். பேருந்துக் கவிதை எழுதியவன் தன் பின்னட்டையில் ஒரு பெட்டி போட்டு, அதற்குள் "வரிசை எண்: 1" என்று எழுதி நீட்டினான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செய்தித்தாள் மேசையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது அங்கேதான் இருக்கின்றன, ஒரு சோப்பு டப்பாவுக்குள்.